எண்ணிக்கை மட்டும் வளமாகுமா?

மீன்பிடித் துறைமுகத்திற்குப் படகுகள் திரும்பும் வேளையில், கடற்காகங்கள் கூட்டமாக வட்டமிடுவதைக் காண்போர் கடல் வளமாக இருக்கிறது என்று மகிழ்வர். அம்மகிழ்ச்சி எப்போதும் பொருத்தமானதன்று. பறவைகளின் மிகுதி வேறு. பறவை வளம் வேறு.

தமிழகக் கடற்கரைக்குக் குளிர்காலத்தில் வலசை வரும் கடற்காகங்கள் ஓரினத்தைச் சேர்ந்தவையல்ல. பழுப்புத்தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம், உருவில் பெரிய பல்லாஸ் கடற்காகம் எனப் பல இனங்கள் அவற்றுள் உண்டு. பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் போன்ற உயர்நிலங்களின் ஏரிகளில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் அதன் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னே கரும்புள்ளி மட்டும் எஞ்சியிருக்கும். ஆதலால், உற்றுநோக்காதவர் எல்லாவற்றையும் ஓரினமென்றே கருதுவர்.

கடற்காகம் பலவகை உணவையும் ஏற்கும். நீர்ப்பரப்பில் மீனைக் கவ்வும், படகிலிருந்து வீசப்படும் கழிவைப் பின்தொடரும், ஆலாக்கள் பிடித்த இரையைப் பறிக்கும், குப்பைமேட்டையும் கிளறும். எனவே, துறைமுகத்தில் அது பெருகுவது மீன்கழிவின் பெருக்கத்தைக் காட்டலாமேயன்றி, கடலின் செழுமைக்குச் சான்றாகாது.

பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002ஆம் ஆண்டு இடம்பெற்ற கோடியக்கரையில் காட்சி வேறு. அங்கே பூநாரை நீரை வடிகட்டி உண்கிறது. உள்ளான் சேற்றில் அலகை நுழைத்துப் புழுவைத் தேடுகிறது. ஆலா பாய்ந்து மீன் பிடிக்கிறது. அத்தகைய சேற்றுநிலம் கெட்டால் உள்ளானுக்கு வாழ்வில்லை. கடற்காகமோ துறைமுகம் சென்று பிழைத்துக்கொள்ளும். மொத்த எண்ணிக்கை குறையாமலே இனங்கள் மறையக்கூடும். தொகையை மட்டும் நோக்குவோர்க்கு இவ்விழப்புப் புலப்படாது.

இவ்வுண்மை கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியில் கடல் இல்லை. ஆயினும், அருகே பஞ்சப்பள்ளியில் சின்னாற்று அணை உண்டு. குப்பைமேட்டில் நூறு காகங்கள் கூடுவதும், அணையின் நீர்விளிம்பில் பத்து இனப் பறவைகள் இரைதேடுவதும் ஒன்றாகா. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாள்களில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் மாணவரும் பங்கேற்கலாம். எத்தனை பறவைகள் என்பதோடு, எவ்வினம், எங்கிருந்தது, என்ன செய்தது என்பவற்றையும் குறித்தல் வேண்டும். அக்குறிப்பு ஆண்டுதோறும் தொடருமாயின், தம் ஊர் நீர்நிலை நலமுற்றிருக்கிறதா, நலிந்து வருகிறதா என்பதை அவ்வூர் மாணவரே அறிந்து சொல்ல இயலும்.