கலைப் பக்கம்: 120 கற்கள்

பாடசாலையிலிருந்து பிள்ளைகளை ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, நிலத்தில கல் அடுக்கி வைச்சிருக்கினம், அதுவும் சிற்பமாம்" என்கிறது. "இவங்களுக்கு வேறை வேலையில்லை" என்று நாம் சொல்லிவிடுகிறோம். சொல்வதில் கூச்சம் வேண்டாம். இந்த நாட்டுக்காரரே அப்படித்தான் சொன்னார்கள்.

அந்தக் கற்கள் இலண்டன் ரேற் கலைக்கூடத்துக்குச் சொந்தமானவை. இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 60 கல். இடையில் சாந்துகூடக் கிடையாது. அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆண்ட்ரே 1966இல் நியூயோர்க்கில் இப்படி எட்டுச் சிற்பங்களைக் காட்சிக்கு வைத்தார். எட்டிலும் 120 கற்கள்தான், வடிவம் மட்டும் வேறு. விலைபோகாததால் கற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்! 1969இல் மீண்டும் செய்யப்போனால், அந்தக் கல் செய்யும் இடமே மூடப்பட்டுவிட்டது. உலைகளுக்குள் வைத்துக் கட்டும் வெளிர்நிறக் கற்களை வாங்கி அடுக்கினார். அவற்றில் எட்டாவதை ரேற் 1972இல் வாங்கியது. 1976இல் பத்திரிகைகள் பொதுப்பணம் வீணாகிறதென்று பொரிந்து தள்ளின. ஒருவர் வந்து கற்கள்மேல் நீலச் சாயத்தை ஊற்றிவிட்டார்.

இக்கலைக்கு மினிமலிசம் என்று பெயர். குறைத்துக் குறைத்து, இதற்குமேல் குறைக்க முடியாது என்ற இடத்தில் நிற்பது. 1950களில் நியூயோர்க் ஓவியர்கள் பலர் தம் மனக் கொந்தளிப்பைத் திரையில் வாரி இறைத்தார்கள். அடுத்து வந்த இளைஞருக்கு அது அலுத்துப்போயிற்று. பிராங்க் ஸ்ரெல்லா 1959இல் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும் தூரிகையால் வெறும் கறுப்புப் பட்டைகள் வரைந்தார். டான் பிளேவின் கடையில் விற்கும் ரியூப் லைற்றையே சுவரில் மாட்டினார். டொனால்ட் ஜட் உலோகப் பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்வித்தார். அவை எனக்கு இன்றும் ஒட்டவில்லை.

ஆண்ட்ரேயின் கற்கள் வேறு மாதிரி. அவர் 1960 முதல் 1964 வரை சரக்குப் புகையிரதத்தில் வேலை செய்தவர். ஒரே மாதிரியான பெட்டிகளைக் கோத்தும் கழற்றியும் பழகிய கை. குனிந்து பாருங்கள்: ஒட்டு இல்லாமல், தம் பாரத்தாலேயே கற்கள் இருக்கின்றன. உள்ளே ஒளிந்த கதை எதுவுமில்லை. ஆங்கிலம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அங்கே காண்பது ஒன்றுதான்.

ரேற்றின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணமில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கற்கள் எப்போதும் காட்சியில் இருக்குமென்றில்லை, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.