மொழிச் சாளரம்: இன்று எத்தனை பாகை?



தெரியாத ஊரில் தெரியாதவரோடு கதைக்கத் தொடங்க வெயிலும் மழையும் போல உதவி வேறில்லை. ஸ்பானிய மொழியில் "கே தியெம்போ ஆதே?" என்று கேட்டால், "காலநிலை எப்படி?" என்று பொருள். "தியெம்போ" என்பது நேரத்தையும் காலநிலையையும் குறிக்கும். நாங்களும் மாரிகாலம், காலநிலை என்று ஒரே காலத்தை வைத்துத்தானே சொல்கிறோம்!

"ஆதே" என்றால் 'செய்கிறது'. "ஆதே கலோர்" என்றால் வெக்கை, "ஆதே ஃப்ரீயோ" என்றால் குளிர், "ஆதே பியென்தோ" என்றால் காற்று. மழைக்கு மட்டும் "யுவேபே" என்ற ஒரே சொல் போதும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் "ஆதே" என்பதை மெக்சிக்கோவிலும் பெருவிலும் "ஆசே" என்பார்கள். இரண்டும் சரியே.

வெப்பநிலையை அறிய, "ஆ குவாந்தோஸ் கிராதோஸ் எஸ்தாமோஸ்?" என்று கேளுங்கள். 'எத்தனை பாகையில் இருக்கிறோம்?' என்பது அதன் நேர்ப்பொருள். "எஸ்தாமோஸ் ஆ த்ரெய்ந்தா கிராதோஸ்" என்றால் முப்பது பாகை. அங்கும் எங்களைப் போலச் செல்சியஸ்தான். ஸ்பெயின் என்றதும் குளிர்தேசம் என்று எண்ணிவிடாதீர்கள். தெற்கே கோர்தோபா மாகாணத்து லா ராம்ப்லாவில் 2021 ஓகஸ்ட் 14ஆம் திகதி 47.6 பாகை பதிவானது. பக்கத்து மாகாணத்தில் எசிஹா என்ற ஊரை 'அந்தலூசியாவின் தாச்சி' என்றே அழைக்கிறார்கள். பொரிக்கிற தாச்சிதான்!

இனிக் கவனமாகப் படியுங்கள். ஊர் குளிர்வது வேறு, எனக்குக் குளிர்வது வேறு. எனக்கென்றால் "தெங்கோ ஃப்ரீயோ", அதாவது 'என்னிடம் குளிர் இருக்கிறது'. வெக்கைக்கு "தெங்கோ கலோர்". "எஸ்தோய் கலியென்தே" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். 'நான் சூடாக இருக்கிறேன்' என்று நினைத்துச் சொல்வோம், ஆனால் கேட்பவர் அதைக் காம இச்சையாக எடுத்துக்கொள்வார். வீட்டு வேலைக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணுக்கு இது வெறும் இலக்கணப் பிழையாக முடியாது.

இதே "தெங்கோ"வைப் பசிக்கும் தாகத்துக்கும் சேர்க்கலாம்: "தெங்கோ ஆம்ப்ரே", "தெங்கோ சேத்". பயத்துக்கும் அதுதான்: "தெங்கோ மியேதோ".

வயதானவரைப் பராமரிக்கும்போது, "தியேனே ஃப்ரீயோ?" என்று மரியாதையாகக் கேளுங்கள், "உங்களுக்குக் குளிருதா?" என்பது போல. உங்களுக்கே குளிர்ந்தால் பேசாமல் நடுங்கிக்கொண்டிராமல், "ஊனா மாந்தா, போர் ஃபபோர்" என்று சொல்லுங்கள். "தயவுசெய்து ஒரு போர்வை" என்று பொருள்.