துருப்புகளின் நிழலில் நின்ற சர்க்கார்

அந்நியத் துருப்புகளின் நிழலில் நிற்கும் சர்க்கார், அவை திரும்பினால் சாயும். 1987-ல் இலங்கை சென்ற இந்திய அமைதிப்படை ஏறக்குறைய 1,200 வீரர்களைப் பலிகொடுத்து, 1990 மார்ச்சில் முற்றிலும் வெளியேறிற்று. அதற்குள்ளாகவே வரதராஜப் பெருமாளின் வடகிழக்கு மாகாண சர்க்கார் சரிந்தது. முதலமைச்சர் இந்தியாவில் புகலடைந்தார்.

இதில் வியப்பென்ன? 1988 தேர்தலில் வடக்கின் ஸ்தானங்கள் போட்டியின்றியே நிரம்பின. பின்னர் இளைஞர்களைப் பலவந்தமாய்ப் பிடித்துப் படை திரட்டினர். பாவு நைந்த தறியில் ஊடையை எவ்வளவு ஓட்டினும் சேலையாகாதென்பதைக் காஞ்சி நெசவாளர் அறிவர். ஜனசம்மதமே பாவு. 1975-ல் சைகோனும் 2021-ல் காபூலும் இதையே காட்டின.

இலங்கைப் போர் விதைத்த பகையோ 1991 மே 21-ல், நமக்கருகே ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியின் உயிரைக் குடித்தது. அயல்நாட்டிற்குப் படை அனுப்புமுன் டில்லி இதனை மறவாதிருத்தல் வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.