பழங்கணினியின் நினைவகச் சோதனை

1984-ஆம் ஆண்டு நம் நாட்டுப் பள்ளிகளிற் கிளாஸ் திட்டத்தின்வழிப் புகுந்த கணினி பி.பி.சி. மைக்ரோ. அத்தகையதொன்று பூவத்து உப்புக்காற்றில் நெடுநாட் கிடந்து, திரையிற் பொருளற்ற எழுத்துகளைக் காட்டுமாயின், உடனே பழைய இரும்பிற்குப் போடுதல் தகாதென்பது எம் கருத்து. திரைக்குரியனவும் அதே 32 கிலோபைட் நினைவகத்திலன்றோ தங்குகின்றன? குற்றஞ் சாட்டப்பட்டவனையே சாட்சியாகக் கொள்ளலாமோ! ஆதலின் அந்நினைவகத்தைச் சாராது ஓடும் சோதனை நிரலை ரோம் சில்லில் அமைத்து, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாய்ச் செலுத்தும் சீரியல் கம்பிவழியே விடையை வேறொரு கணினியிற் பெறுதல் வேண்டும். எங்கும் ஒரே எண்ணை எழுதிப் படித்தல் போதாது. முகவரிக் கம்பி அறுந்து ஈரிடம் ஓரிடமாய் நின்றாலும் விடை சரியென்றே வரும். முகவரிக்கேற்ப எண்ணை மாற்றிப் பலமுறை எழுதிப் பார்க்க. பிறகு 16 சில்லுகளுள் பழுதுற்றதை மட்டும் மாற்றினாற் போதும்.