கதவாணியில் பத்தொன்பது பைகள்

எங்கள் சமையலறைக் கதவாணியில் தொங்கும் துணிப்பைகளைச் சென்ற வாரம் எண்ணிப் பார்த்தேன். கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கிடைத்தவை, தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் கொடுத்தவை, மறதியால் கடைவீதியிலேயே வாங்க நேர்ந்தவை என்று 19 இருந்தன. அவற்றுள் கைப்பிடி அறுந்து, வேறு நிற நூலால் மறுபடி தைக்கப்பட்டு, அடிப்பக்கத்தில் நல்லெண்ணெய்க் கறை படிந்திருப்பது ஒன்றே ஒன்று. பூமிக்கு உபகாரம் செய்தது அந்த ஒன்றுதான்.

2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு தடை செய்ததும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதும், மறு வருஷமே கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரம் வந்ததும் மெச்சத்தக்க காரியங்களே. ஆயினும், துணிப்பையை வாங்கிய அக்கணமே நம் கடமை தீர்ந்தது என்று ஜனங்கள் நினைப்பதை நான் ஆட்சேபிக்கிறேன்.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பூமியைச் சூடேற்றும் வாயுக்களைக் கொண்டு கணக்கிட்டு, ஒரே தடவை உபயோகித்த மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை மேலானதாக வேண்டுமானால் அதை 131 தடவையாவது உபயோகிக்க வேண்டும் என்று கண்டது. சாக்கடை அடைப்பதும் பசுவின் வயிற்றில் பிளாஸ்டிக் சேர்வதும் இக்கணக்கில் வராதவை. ஆகையால் இது பிளாஸ்டிக்குக்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகாது. ஆனால் வாரம் ஒரு முறை சந்தைக்குப் போகிறவருக்கு 131 என்பது இரண்டரை வருஷம். என் வீட்டுப் பைகள் அத்தனையும் அந்தக் கடனைத் தீர்க்க ஏறக்குறைய 48 வருஷம்!

பைக்குள் போகும் வஸ்துக்களுக்கும் இதே நியாயந்தான். கிழித்தெறியும் ஷாம்பு பாக்கெட்டில் பலவிதத் தாள்கள் அடுக்காக ஒட்டியிருப்பதால், பழைய சாமான்காரர்கூட அதைச் சீந்துவதில்லை. அன்றாடக் கூலியில் சிறு பாக்கெட்டுக்கு மேல் வாங்க இயலாதவரைக் குறை கூறுதல் அநியாயம். பெரிய பாட்டிலோ சீயக்காய்த் தூளோ வாங்கச் சக்தியுள்ள நாம், வெறும் சௌகரியத்துக்காகச் சரம் சரமாகப் பாக்கெட் வாங்குவதற்குச் சமாதானம் ஏது? எங்கள் தெருமுனைச் செக்கெண்ணெய்க் கடையில், தூக்கைக் கொண்டுபோனால் இன்றும் அளந்து ஊற்றுகிறார்கள், கொண்டுபோகத்தான் ஆளில்லை.

சென்ற ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தலில் தாம்பூலப் பையை நீட்டிய பெண்ணிடம், “வெற்றிலையையும் தேங்காயையும் இதிலேயே போடம்மா” என்று அந்தத் தையல் போட்ட பையை விரித்துப் பிடித்தேன். சற்றுத் திகைத்தவள், பிறகு கறை படாத பக்கமாகப் பார்த்து வெற்றிலையை வைத்தாள்.