காலத்துக்கு உரியதும் கடிகாரத்துக்கு உரியதும்

பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போரிடையே ஒரு வழக்கு உண்டு. உறுப்புக்கள் யாவும் அக்கடிகாரத்தோடு தொழிற்சாலையினின்றும் வந்தனவாதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அக்காலத்து உறுப்பாயின் வேறொரு கடிகாரத்தினின்றும் பெயர்த்துப் பொருத்தினும் அமையும் என்பர் மற்றொரு சாரார்.

பின்னவர் நிற்பது வழுக்குநிலம் என்பேன். 1957இல் வெளிவந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் முதலமைப்பினது என்று மதிக்கப்பட்ட கடிகாரம் ஒன்று, 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோயிற்று. வாங்கியது ஒமேகா நிறுவனமே, தன் நூதனசாலைக்காக! பல கடிகாரங்களின் உறுப்புக்களைக் கூட்டி அமைத்தது அது என்பது 2023இல் வெளியாயிற்று. உறுப்புக்களிற் பெரும்பாலன மெய்யானவையே. அவற்றாலாய கடிகாரந்தான் பொய்.

ஏட்டுச்சுவடி பயின்றோர்க்கு இது விளங்கும். செல்லரித்த இடத்திற் புள்ளியிட்டுப் பதிப்பிப்பது ஒரு முறை. அக்காலத்து வேறொரு புலவரின் அடியை எடுத்து அங்கே நிரப்பினால் ஓசை கெடாது, நடையும் ஒக்கும். ஆயினும் அது அப்பாட்டு அன்று. நிரப்பியவர் 'இது நான் சேர்த்தது' என்று எழுதி வைப்பின் எனக்குப் பிணக்கில்லை. கடிகாரம் விற்போரிடமும் நான் கேட்பது அவ்வளவே.

என் தந்தையாரின் கடிகாரத்து முட்கள் பழுதுபார்த்தபோது மாற்றப்பட்டவை. பழைய முகத்தட்டோடு அவை சற்றும் ஒவ்வா. அக்காலத்து முட்களைத் தேடித் தருவதாக நண்பர் ஒருவர் சொன்னார், வேண்டாவென்றேன். ஒவ்வாத அம்முட்களைப் பார்த்தே தந்தையார் இருபது ஆண்டு பாடசாலைக்கு நேரந் தவறாது சென்றார்.