குன்றிமணியின் இரு புரதங்கள்

வடகரப்பதிப் பக்கத்து வேலிகளில் படரும் குன்றிமணிக்கொடியின் விதையில் உறவுடைய இரு நச்சுப் புரதங்கள் உள்ளன: அப்ரின், அக்ளுட்டினின்-1. இரண்டும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.விலிருந்து ஒரேயோர் அடினினைக் கழற்றிப் புரத உற்பத்தியை நிறுத்துபவை. அமினோ அமில வரிசையும் மடிப்பும் பெரிதும் ஒத்தவை. ஆயினும் செல்களில் அளந்தபோது, அப்ரின் விளைக்கும் அதே தடைக்கு அக்ளுட்டினின் 200 முதல் 2000 மடங்கு வரை கூடுதல் செறிவில் தேவைப்பட்டது.

2006இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகக் குழு அக்ளுட்டினினின் படிக அமைப்பை வெளியிட்டு, முன்பே அறியப்பட்ட அப்ரின் அமைப்போடு ஒப்பிட்டது. அப்ரினின் நச்சுச் சங்கிலியில் 200ஆம் இடத்தில் அஸ்பரஜின். அக்ளுட்டினினில் அதற்கு நேரான 199ஆம் இடத்தில் புரோலின். புரோலின் என்றாலே சுருள் வளையும் என்று பாடநூல் நம்மைப் பழக்கியிருக்கிறது. முந்தைய விளக்கமும் அதுவே. இக்குழு அதை ஏற்கவில்லை. வினைப்பொருளைப் பற்றும் பிணைப்புகள் புரோலினுக்குக் குறைவு, நச்சு தணிந்ததற்கு அதுவே காரணமாகலாம் என்றது.

இன்று ஆல்ஃபாஃபோல்டு தரும் மாதிரிக்கு வண்ணமிட்டு ஆய்வேட்டில் சேர்த்து, மடிப்பு ஒத்திருப்பதால் செயலும் ஒன்றே என்று முடித்துவிடுகிறார்கள். மடிப்பைக் கணிப்பதில் அது அரிய கருவிதான். ஆனால் புடலை விதை லெக்டினும் இதே மடிப்புக் குடும்பம், அது நஞ்சற்றது! (புடலங்காய்க் கூட்டு உண்போர் அஞ்ச வேண்டா.) கணித்த மாதிரியோடு ஒரு செயல்திறன் அளவீட்டையேனும் நெறியாளர்கள் கட்டாயமாகக் கேட்க வேண்டும், அதற்கு ஓராண்டு கூடுதலாக ஆனாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.